செய்திக்கு ஓர் இடம், வாதத்துக்கு ஓர் இடம்: டெல்டாவில் ஓர் அரசியல் வாட்ஸ்அப் குழுவைப் பிரித்தமைத்த அனுபவம்

மன்னார்குடி வட்டாரத்தில் நாங்கள் நடத்திவரும் வாட்ஸ்அப் குழு, 2017 ஜனவரியில் சல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது தொடங்கியது. அந்த மாதம் தமிழ்நாடெங்கும் முளைத்த குழுக்களில் பெரும்பாலானவை, மெரினாவில் கூட்டம் கலைந்ததும் காலை வணக்கப் படங்களில் கரைந்துபோயின. எங்கள் குழு பிழைத்துக்கொண்டதற்குக் காரணம், டெல்டாவில் பிரச்சினைகளுக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை என்பதுதான். அடுத்த மாதமே நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டம் தொடங்கியது; ஜூன் இறுதியில் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தது; 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் ஆண்டுதோறும் தரவேண்டிய காவிரி நீரை 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்துத் தீர்ப்பளித்தது. அந்த நவம்பரிலேயே கஜா புயல் வந்து தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. ஒவ்வொன்றின்போதும் புதியவர்கள் சேர்ந்தார்கள். அன்றைய உச்சவரம்பான 256 பேரை எட்டி, ஒருவர் வெளியேறினால்தான் இன்னொருவர் உள்ளே வரலாம் என்ற நிலைக்குக் குழு வந்துவிட்டது.

தி.மு.க., அ.தி.மு.க., இரு கம்யூனிஸ்டுக் கட்சிகள், நாம் தமிழர், பா.ஜ.க., பல விவசாயச் சங்கங்கள், எந்தக் கட்சியிலும் இல்லாவிட்டாலும் அரசியல் பேசாமல் தூங்க முடியாதவர்கள் என எல்லாத் தரப்பினரும் இதில் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நான் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் எல்லாக் கட்சியினரும் என்னிடம் சமமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள் என்பதே, என்னை அட்மின் ஆக்க அவர்கள் கண்ட ஒரே தகுதி என்று நினைக்கிறேன்.

குழுவைப் பிரித்தமைத்தே ஆக வேண்டும் என்று எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைத்தது 2023 ஏப்ரல் முதல் வாரம். ஒன்றிய நிலக்கரி அமைச்சகத்தின் ஏல அறிவிப்பில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரி வட்டாரங்களின் பெயர்கள் இருப்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. 2020-இல் டெல்டா நிலங்களை விவசாயத்துக்கென்று காக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேறிய பிறகு இப்படி ஒரு செய்தி வரும் என்று எங்களில் யாரும் எதிர்பார்க்கவில்லை. எங்கள் வழக்கறிஞர் உறுப்பினர் ஒருவர் காலையிலேயே ஏல அறிவிப்பின் மூலப் படியைத் தேடி எடுத்துக் குழுவில் போட்டுவிட்டார். ஆனால் அதற்கும் அடுத்த வேளைக்கும் இடையில் ஒரு மணநாள் வாழ்த்தும் அதற்கு முப்பது நன்றிகளும், ஒரு மரணச் செய்தியும் அதற்கு அறுபது கைகூப்பும், "மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டது யார்" என்ற பழைய சண்டையின் புதிய சுற்றும் வந்து குவிந்தன. மாலையில் அதே ஆவணத்தைப் பலர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு ஏதோ ஒரு வரைபடத்தை அதுதான் இது என்று ஒருவர் பரப்பிக்கொண்டிருந்தார். ஏப்ரல் 5 அன்று சட்டமன்றத்தில் அது விவாதத்துக்கு வந்தது. ஏப்ரல் 8 அன்று மூன்று வட்டாரங்களும் ஏலத்திலிருந்து விலக்கப்படுவதாக ஒன்றிய அமைச்சர் அறிவித்துவிட்டார். முடிவு நல்லதாக அமைந்தது. என்றாலும் அந்தச் சில நாட்களில், எந்தெந்த ஊராட்சிகள் அந்த எல்லைக்குள் வருகின்றன என்ற மிக எளிய கேள்விக்குக்கூட, அந்த ஊராட்சிகளின் ஆட்களே நிறைந்திருந்த எங்கள் குழுவால் ஒழுங்கான விடையைத் தொகுத்துத் தர முடியவில்லை என்பது பலருக்கும் உறுத்தியது.

அந்த மாதக் கடைசியில், மன்னார்குடியில் ஒரு திருமண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நேரில் கூடிப் பேசினோம். இணையக் குழுவைத் திருத்தியமைப்பதற்கான பேச்சு இணையத்தில் நடக்கக் கூடாது என்பதை நான் முதலிலேயே வலியுறுத்தியிருந்தேன். திருத்தவேண்டிய கோளாறுகள் எல்லாம் அந்தப் பேச்சிலும் வந்து உட்கார்ந்துவிடும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் தங்கள் கருத்தை முன்கூட்டியே எழுதி அனுப்பினார்கள், அவற்றைப் படித்துக் காட்டினோம்.

முதலில் வந்த யோசனை, பொருள்வாரியாகப் பிரிப்பது: காவிரிக்கு ஒன்று, கொள்முதலுக்கு ஒன்று, உள்ளாட்சிக்கு ஒன்று, கல்விக்கு ஒன்று. கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் எந்தப் பொருளும் தனித்து நிற்பதில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று நெல்லைத் திருப்பி அனுப்பினார்கள் என்றால், அது கொள்முதல் பிரச்சினை. அறுவடை ஏன் மழைக்குள் போனது என்று கேட்டால் மேட்டூர் எப்போது திறந்தது என்பதில் போய் நிற்கும். தளர்வு கேட்டு மாநிலம் எழுத வேண்டும், ஒன்றியம் அனுமதிக்க வேண்டும் என்றால் அது கட்சிச் சண்டை. ஒரே செய்தியை நான்கு குழுக்களிலும் போடுவார்கள், நான்கிலும் ஒரே சண்டை நடக்கும். கட்சிவாரியாகப் பிரிக்கலாம் என்று ஒருவர் வேடிக்கையாகச் சொன்னதைச் சிலர் உண்மையாகவே ஆதரித்தார்கள். கட்சிகளுக்கு அவரவர் குழுக்கள் ஏற்கெனவே இருக்கின்றன, எங்கள் குழுவுக்கு இருக்கும் ஒரே மதிப்பு அது கலப்பாக இருப்பதுதான் என்பதால் அது எடுபடவில்லை.

நான் வைத்த யோசனை என் பழைய பணியிலிருந்து வந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் அறிவிப்புப் பலகை ஓரிடத்தில் இருக்கும். உறுப்பினர்கள் நின்று பேசுகிற தாழ்வாரம் வேறிடத்தில் இருக்கும். முடிவெடுக்கிற நிர்வாகக் குழுக் கூட்டம் இவை இரண்டிலும் சேராது. தாழ்வாரத்தில் பேசியதை யாரும் தீர்மானம் என்று எண்ணுவதில்லை, அறிவிப்புப் பலகையில் யாரும் மறுமொழி எழுதுவதில்லை. எங்கள் குழுவில் இந்த மூன்றும் ஒரே அறையில் நடந்துகொண்டிருந்தன. ஆகவே எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை விட்டுவிட்டு, எதற்காகப் பேசுகிறோம் என்பதை வைத்துப் பிரிக்கலாம் என்றேன்.

இந்த இடத்தில் எங்கள் குழுவைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் ஒருவர், இணையம் இன்றைய வடிவத்துக்கு வருவதற்கு முன்பே இதே வேலையை வேறு சிலர் செய்திருக்கிறார்கள் என்று சொன்னது எனக்கு மிகவும் பயன்பட்டது. யூஸ்நெட் என்ற பழைய விவாத வலையமைப்பில் குழுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகியபோது, 1986–87இல் அவற்றை எல்லாம் ஏழு தலைப்புகளின்கீழ்ப் பெயர்மாற்றி அடுக்கினார்களாம். கணினி, அறிவியல், சமூகம், பொழுதுபோக்கு என்று போகும் அந்த அடுக்கில், தீராத சண்டைகளுக்கென்றே 'டாக்' என்று ஒரு தலைப்பை வைத்து, அரசியலையும் மதத்தையும் அதில் போட்டார்கள். எந்தக் கணினி மையத்துக்கு அந்தக் கூச்சல் வேண்டாமோ, அது அந்தத் தலைப்பை மட்டும் வாங்காமல் விட்டுவிடலாம் என்பது ஏற்பாடு. எதற்கு அனுமதி, எதற்கு இல்லை என்பதைப் பெரிய மையங்களை நடத்திய சிலரே தீர்மானித்ததால், அதை ஏற்காத வேறு சிலர் 1987இல் 'ஆல்ட்' என்று தனியே ஒரு வரிசையைத் தொடங்கினார்கள். அது மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக வளர்ந்தது. வாதத்துக்குத் தனி அறை கட்டலாம், ஆனால் அதைக் குப்பைமேடாக நடத்தினால் வாதிடுகிறவர்கள் தங்களுக்கென்று ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

வாட்ஸ்அப்பில் 2022 நவம்பரில் வந்த 'கம்யூனிட்டி' என்ற வசதி எங்களுக்குத் தோதாக அமைந்தது. ஒரே கூரையின்கீழ்ப் பல குழுக்களை வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் பொதுவான அறிவிப்புக் குழு ஒன்றில் அட்மின்கள் மட்டும் எழுதலாம். அதே காலத்தில்தான் ஒரு குழுவின் உச்சவரம்பும் 1024ஆக உயர்ந்தது. அந்தக் கூரையின்கீழ் 'அறிவிப்பு', 'ஆவணம்', 'அரங்கம்', 'செயல்' என்று நான்கை வைத்தோம். வாழ்த்து, இரங்கல் இரண்டுக்கும் 'ஊர்' என்று ஐந்தாவது ஒன்றையும் வைத்தோம். அரசியல் குழுவில் திருமண வாழ்த்து எதற்கு என்று சில தீவிரக்காரர்கள் அதை எதிர்த்தார்கள். கட்சி மேடையில் எதிரெதிராக நிற்பவர்கள் ஒருவர் வீட்டுச் சாவுக்கு ஒருவர் போவதால்தான் எங்கள் ஊரில் வாதங்கள் ஓர் எல்லையைத் தாண்டுவதில்லை என்பது என் எண்ணம். 'ஊர்' இல்லாவிட்டால் 'அரங்கம்' இரண்டே மாதத்தில் உடைந்திருக்கும்.

ஆவணக் குழுவுக்கு ஒரே விதிதான்: எது போட்டாலும் அது எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியுடையது என்று போடுகிறவர் தம் கையால் ஒரு வரி எழுத வேண்டும். வெறும் ஃபார்வர்டு கூடாது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்ற கட்டுப்பாட்டை வாட்ஸ்அப் 2018இல் கொண்டுவந்தது. பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓரிடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் அதை இன்னும் இறுக்கியது. இதனால் வதந்தியின் வேகம் குறைந்திருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்கள் உடனே திரையைப் படம்பிடித்து அனுப்பக் கற்றுக்கொண்டார்கள், அப்படி அனுப்பினால் பலமுறை பகிரப்பட்டது என்று காட்டும் இரட்டை அம்புக்குறி விழாது. ஆகவே குறியை நம்பிப் பயனில்லை, எழுதும் அந்த ஒரு வரிதான் பயன் தந்தது. மூலத்தை எழுத வேண்டும் என்றதும் பாதிப் பேர் அனுப்புவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு மேட்டூர்தான். அணையின் முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டி.எம்.சி. என்பது எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலை வந்தால் 16 கண் மதகு வழியாக வெள்ளம் பாயும் ஏதோ ஒரு பழைய காணொளி 'இன்று காலை எடுத்தது' என்று வந்து சேரும். 2024இல் வழக்கமான நாளான ஜூன் 12 அன்று அணை திறக்கப்படவில்லை, ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். அந்தக் காத்திருப்பின்போது இப்படி ஒரு படத்தை நம்பி ஒருவர் நாற்றங்காலுக்கு விதை ஊற வைத்துவிட்டால் இழப்பு அவருடையது. அதனால் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் மூன்றையும் காலை 8 மணி நிலவரப்படி அன்றைய தேதியுடன் ஒருவரே போடுவது என்று வைத்தோம். அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டவர் பொதுப்பணித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அணை மட்டத்தில் அரசியல் பேச மாட்டார். அவர் போட்ட எண்ணை வைத்து மற்றவர்கள் அரங்கத்தில் என்ன பேசினாலும் எண்ணைப் பற்றிய சண்டை ஒழிந்தது.

அரங்கத்துக்குத்தான் அதிக நேரம் செலவழித்தோம். அங்கே கட்சிப் பெயரைச் சொல்லலாம், தலைவர்களை விமர்சிக்கலாம், பழைய கையெழுத்தைத் தோண்டலாம். ஒரு நேரத்தில் ஒரே வாதம்தான் நடக்க வேண்டும். அன்றைய பொருளைக் குழுவின் விவரப் பகுதியில் எழுதிவைப்போம். வேறு பொருளை எடுப்பவர் தனியே அட்மினிடம் சொன்னால் அடுத்த முறைக்கு வரிசையில் சேர்ப்போம். ஓர் ஆளிடம் மறுமொழி சொல்லும்போது அவருடைய எந்த வாக்கியத்துக்கு என்று அதைச் சுட்டித்தான் எழுத வேண்டும். எங்கள் குழுவில் நடந்த சண்டைகளில் நிறைய, ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவர் தமக்கு என்று எடுத்துக்கொண்டதால் வந்தவை. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை அட்மின் மட்டும் எழுதும்படி அறையைப் பூட்டிவிடுவோம். வாட்ஸ்அப்பில் ஒரு தனி ஆளை மட்டும் சிறிது நேரம் பேசாமல் நிறுத்திவைக்க வழி கிடையாது. ஒன்று ஆளை நீக்க வேண்டும், அல்லது எல்லோரையும் நிறுத்த வேண்டும். நீக்கினால் அது ஊரில் அவமானம், அவர் சார்ந்த கட்சிக்கும் சங்கடம். எல்லோரையும் சேர்த்துப் பூட்டுவது யாருக்கும் அவமானமாகப் படவில்லை. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கும் வளைகுடாவில் இருப்பவர்களுக்கும் இந்த நேரம் ஒத்துவரவில்லை என்ற குறை இருக்கிறது. அதற்கு இன்றுவரை நல்ல தீர்வு கிடைக்கவில்லை.

விதிகளை எழுதும்போது ஒரு விதியில்தான் கூட்டமே இரண்டுபட்டது. "குழுவில் சாதி பற்றிப் பேசக் கூடாது" என்று ஒருவர் முன்மொழிந்தார்; நல்லெண்ணத்தில்தான் சொன்னார், பலரும் தலையசைத்தார்கள். விவசாயத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ஓர் அம்மா எழுந்து, "அப்படியானால் எங்கள் தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை இல்லை என்பதை எந்தக் குழுவில் பேசுவது, ஐயா?" என்று கேட்டார். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட மண்டலத்தில் இருந்துகொண்டு, சாதியைப் பேசாமல் கூலியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் ஒரு வாக்கியம்கூட முழுதாகப் பேச முடியாது. ஆண்டுதோறும் அந்த நினைவுநாளில் அஞ்சலி எழுதுகிறவர்களிடம் "பழசை எதற்குக் கிளறுகிறீர்கள்" என்று கேட்பவர்கள் எங்கள் குழுவில் இருந்தார்கள். இந்த விதி வந்திருந்தால் அவர்கள் கையில் அது ஒரு கம்பாகியிருக்கும். நெடுநேரம் பேசி விதியை மாற்றி எழுதினோம்: சாதியைச் சொல்லி ஒருவரை இழிவுபடுத்தினால் எச்சரிக்கை இல்லாமல் நீக்கம், சாதிக் கொடுமையைப் பற்றிப் பேசுவது எவரும் தடுக்க முடியாத உரிமை. குழு விதிகளை எழுதுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: ஒரு பொருளை முழுவதுமாகத் தடைசெய்யும் விதி எளிதாகத் தோன்றும், ஆனால் அந்தத் தடையால் யாருடைய பேச்சு நிற்கும் என்பதை அவர்களையே கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும்.

அதே அம்மா இன்னொன்றையும் கவனிக்க வைத்தார். பழைய குழுவில் பெண்கள் இருந்தார்கள், ஆனால் எழுதியதில்லை. குழுவில் எண் தெரிவதால், ஒரு கருத்தை எழுதிய அன்றே அறியாதவர்களிடமிருந்து தனியே செய்திகள் வரத் தொடங்கும் என்று அவர் சொன்னபோது ஆண்கள் பலர் முதன்முறையாக அதைக் கேட்டார்கள். கம்யூனிட்டியின் அறிவிப்புப் பகுதியில் மற்ற உறுப்பினர்களுக்கு ஒருவருடைய எண் தெரியாது. ஆனால் அரங்கம் போன்ற குழுக்களில் தெரியும். எனவே அறிவிப்பில் மட்டும் இருந்துகொண்டு, கருத்தை ஒரு பெண் அட்மினுக்கு அனுப்பினால் அவர் அதை அரங்கத்தில் பெயருடனோ பெயரில்லாமலோ போடும் ஏற்பாட்டைச் செய்தோம். நடத்தை விதிகளால் கட்சி அரசியலில் ஈடுபட முடியாத அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் இதே வழியாக, அரசியல் பக்கம் சாயாமல், தங்கள் துறை தொடர்பான விவரங்களை மட்டும் தரத் தொடங்கினார்கள். குழுவில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தனிச்செய்தி அனுப்புவதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும் என்பதையும் விதியாகச் சேர்த்தோம். தட்டச்சு வராதவர்கள் குரல் பதிவு அனுப்பலாம், ஆனால் அது இரண்டு நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். கேட்கிற முதல் ஆள் அதன் சாரத்தை ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாடு இவ்வளவு நன்றாக நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. எதிர்க்கட்சிக்காரருடைய பேச்சின் சாரத்தை நேர்மையாக எழுத வேண்டியிருந்தது சிலரைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறது.

செயல் குழு சிறியது. கிராம சபைக்கு ஒரு தீர்மான வரைவு எழுதுவது, கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குப் பணம் கேட்கிறார்கள் என்ற புகாரைத் தொகுத்து ஆட்சியர் அலுவலகத்துக்குக் கொண்டுபோவது போன்ற ஏதாவது ஒரு வேலையை ஏற்றவர்கள் மட்டும் அதில் இருப்பார்கள். வேலை முடிந்தால் வெளியே வந்துவிட வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகியவற்றுடன் மார்ச் 22, நவம்பர் 1 என்ற இரண்டு நாட்களும் 2022இல் கிராம சபைக்குச் சேர்ந்ததால், ஆண்டுக்கு ஆறு தடவை இந்தக் குழுவுக்கு உண்மையான வேலை இருக்கிறது. குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட தீர்மானம் என்று இருப்பதால் வீண்பேச்சுக்கு அங்கே இடமே இல்லை.

முடிவெடுக்கும் முறையில் ஒரு நுட்பமான சிக்கல் இருந்தது. வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வசதி உண்டு, ஆனால் யார் எதற்கு வாக்களித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் குழு போன்ற ஒன்றில் அது வாக்கெடுப்பே ஆகாது. ஒன்றியச் செயலாளர் எதை அழுத்தினார் என்று பார்த்துவிட்டுத்தான் அவருடைய கட்சிக்காரர்கள் அழுத்துவார்கள். டெலிகிராமில் பெயர் தெரியாமல் வாக்களிக்கலாம். 2021 ஜனவரியில் வாட்ஸ்அப்பின் தனியுரிமைக் கொள்கை பற்றிய சர்ச்சை வந்தபோது எல்லோரும் டெலிகிராமுக்குப் போகலாம் என்று ஒரு முயற்சி நடந்தது. இளைஞர்கள் போனார்கள், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் போகவில்லை, போனவர்களும் பேச ஆளில்லாமல் திரும்பிவந்தார்கள். அந்தக் கணக்குகள் இன்னும் பலரிடம் இருந்ததால், ஆவணங்களின் நிரந்தரச் சேமிப்புக்கும் மறைவான வாக்கெடுப்புக்கும் மட்டும் டெலிகிராமை வைத்துக்கொண்டோம். புதிதாகச் சேருகிறவர் அங்கே பழைய ஆவணங்களைத் தேடி எடுத்துக்கொள்ள முடிகிறது. டெலிகிராம் இல்லாத மூத்தவர்கள் தங்கள் வாக்கை இரு வேறு கட்சிகளைச் சேர்ந்த இரண்டு அட்மின்களில் ஒருவருக்குத் தொலைபேசியில் சொல்வார்கள். எடுத்த முடிவு, வாக்கு எண்ணிக்கை, மாறுபட்ட கருத்து ஆகியவற்றை நான் ஒரு தீர்மானப் புத்தகத்தில் கையால் எழுதி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து ஆவணக் குழுவில் போடுகிறேன். இதைக் கண்டு முதலில் சிரித்தவர்கள், ஒரு கிராம சபைத் தீர்மானத்தின் வாசகம் பற்றித் தகராறு வந்தபோது அந்தப் பக்கத்தைத்தான் கேட்டு வாங்கினார்கள். குறைவெண், அதாவது ஒரு முடிவு செல்ல குறைந்தது எத்தனை பேர் வாக்களிக்க வேண்டும் என்பதையும் முன்பே எழுதிவைத்திருந்தோம். அது இல்லாவிட்டால் நள்ளிரவில் விழித்திருக்கும் ஐந்து பேர் ஊரின் பெயரால் முடிவெடுத்துவிடுவார்கள்.

அட்மினாக இருப்பதற்குப் பலர் பயந்ததற்குக் காரணம் வழக்கு. உறுப்பினர் ஒருவர் போட்டதற்கு அட்மினைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற அச்சம் ஊரெங்கும் இருக்கிறது. 2021இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும், 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும், உறுப்பினரின் பதிவுக்காக அட்மினை மட்டும் பொறுப்பாக்க முடியாது என்ற நிலையை எடுத்தன. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், மனுதாரர் வெறும் அட்மினாக மட்டுமே இருந்திருந்தால் அவர் பெயரை வழக்கிலிருந்து நீக்க வேண்டும் என்று கூறியது. இவற்றை எங்கள் வழக்கறிஞர் உறுப்பினர் எளிய தமிழில் ஒரு பக்கமாக எழுதித் தந்தார். அதைப் படித்த பிறகுதான் இரண்டு பேர் அட்மின் பொறுப்பை ஏற்க முன்வந்தார்கள். அதற்காக அட்மின் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று பொருளில்லை. பதிவை நீக்கும்போது, நீக்கியவர் பெயர் அந்த இடத்தில் தெரியும். ஆகவே எந்த விதியின்படி நீக்கினோம் என்று உடனே அரங்கத்தில் எழுதிவிடுகிறோம். நீக்கப்பட்டவரின் கட்சியைச் சேராத அட்மின்தான் நீக்க வேண்டும் என்ற பழக்கம் தானாகவே வந்தது என்று சொல்வதற்கில்லை, ஆளும் கட்சி நண்பர் ஒருவருடைய விடாப்பிடியால் வந்தது.

தேர்தல் காலத்தில் தனி ஏற்பாடு தேவைப்படுகிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் பிரச்சாரத்தைக் கட்டுப்படுத்துகிறது. 2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தலுக்கு முன், ஏப்ரல் 17 மாலை 6 மணிக்கு அரங்கத்தைப் பூட்டிவிட்டு, வாக்குச்சாவடி விவரம், மாற்றுத் திறனாளிகளுக்கான வசதி, அடையாள ஆவணங்கள் பற்றிய தகவல்களை மட்டும் அறிவிப்பில் போட்டோம். அந்த இரண்டு நாள் அமைதியை எல்லாக் கட்சியினரும் விரும்பினார்கள் என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

இந்த மாற்றங்களைப் பிடிக்காமல் வெளியே போனவர்களும் உண்டு. பெரும்பாலும் இளைஞர்கள், ஒரு நேரத்தில் ஒரு வாதம் என்பது தங்களை அடக்கும் தந்திரம் என்று கருதினார்கள். அவர்கள் தனியே ஒரு குழு தொடங்கினார்கள், அது எங்களுடையதைவிட உயிர்ப்பாக இருக்கிறது என்று சொல்கிறார்கள், இருக்கலாம். அவர்களைத் திரும்ப அழைப்பதில் நான் நேரம் செலவிடவில்லை. ஆவணக் குழுவில் வருவது அவர்களுக்கும் போகட்டும் என்று அவர்களில் ஒருவரை அதில் மட்டும் வைத்திருக்கிறோம். அவர்கள் பக்கம் கிடைக்கும் படங்களையும் தகவல்களையும் அவர் இங்கே மூல வரியுடன் போடுகிறார்.

கடைசியாகச் செய்த ஏற்பாடு, பலர் கவனிக்காமல் விடுவது. எங்கள் பழைய குழு ஒரு தனி மனிதரின் எண்ணில் தொடங்கப்பட்டிருந்தது. அவர் இறந்தபோது அட்மின் பொறுப்பு வேறு யாரிடமும் இல்லாமல் இருந்திருந்தால் குழுவை எங்களால் கட்டுப்படுத்தியே இருக்க முடியாது. இப்போது குழுவுக்கென்று ஒரு சிம் வாங்கி, அந்த எண்ணில்தான் கம்யூனிட்டியைத் தொடங்கியிருக்கிறோம். மூன்று அட்மின்கள், இருவர் ஒரே கட்சியாக இருக்கக் கூடாது, அவர்களில் ஒருவர் குறைந்தது பெண்ணாக இருக்க வேண்டும், மே 1 கிராம சபைக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருவர் மாற வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. பயன்படுத்தாத சிம் முடங்கிவிடும், 120 நாட்கள் திறக்காத வாட்ஸ்அப் கணக்கும் அழிந்துவிடும் என்பதால், அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்வதும் மாதம் ஒருமுறை அதைத் திறந்து பார்ப்பதும் யார் பொறுப்பு என்பது அதே பக்கத்தில் அடுத்த வரியில் இருக்கிறது. இந்த ஆண்டு அது எங்கள் நீர்மட்டக் கணக்காளரின் பொறுப்பு.